அம்மாவின் கபரைத் திறக்கக் கேட்டு வந்தவருக்கு

மேடம்,

நேற்றுக் காலை பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. பிரேக்கில் சத்தம் வருகிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் மோதியது. பின்சீட் முழுக்கச் சிவப்பு ரப்பர் ஷீட் விரித்திருந்தது. அதன் மேல் குழந்தைப் பவுடர் கொட்டிக் கிடந்தது. படுத்த படுக்கையான யாரையோ சென்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள் போல. நான் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நின்றேன். திருப்பதி பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. பட்டறை ஆள் வந்து, "இன்னா பாய், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

அந்த வாடையில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அம்மா இல்லை, நீங்கள்தான். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியும் எங்கள் முன்னறையில் ரப்பரும் பவுடரும் கலந்த அந்த வாடை போகாமல் இருந்தது. நீங்கள் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது வாசலைத் தாண்டியதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றீர்கள். சீருடை இல்லை. சாதாரணக் காட்டன் புடவை, தோளில் ஒரு பை. இன்ஸ்பெக்டர் என்று சொன்னதும் என் மனைவி நஸீமா கதவைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா, ஒரு விஷயம் கேட்டுனு போலாம்னு வந்தேன்" என்றீர்கள். பிறகு அந்த மூலையைக் காட்டி, "கட்டில் இங்கதான் இருந்துதா?" என்று கேட்டீர்கள்.

கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். அம்மாவுக்கு எப்போது பக்கவாதம் வந்தது, எந்தக் கை விழுந்தது, யார் குளிப்பாட்டினார்கள். நான் பட்டறையில் இருப்பேன், நஸீமா தையல் கம்பெனிக்கு வேனில் போய்விடுவாள், அண்ணன் அரக்கோணத்தில் பழைய இரும்பு வியாபாரம். அதனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வசந்தாக்கா என்று ஒருவரை வைத்திருந்தோம் என்றேன்.

"அவங்க எப்பிடி?"

"தங்கமானவங்க மேடம். பெத்த பொண்ணு கூட அப்பிடிப் பாக்காது."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க, தம்பி" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை. நீங்கள் அவசரப்படவும் இல்லை. நஸீமா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள். பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர். இடுப்பு எலும்பு உடைந்து படுத்தவர். மகள் லோகேஸ்வரி வீட்டிலேயே தறி ஓட்டுகிறவள். தறிக்குப் பாவு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பா போய்விட்டார். வயதானவர், படுத்த படுக்கை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாய்க்கரிசி போடும்போது மட்டும் அவள் பார்த்துவிட்டாள். அப்பாவின் மேலுதட்டின் உட்பக்கம் கிழிந்து, பல் பதிந்து, கறுத்திருந்தது. அங்கேயே கத்தியிருக்கிறாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று பெண்கள் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே எரித்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்தபின் அவள் தனியாகப் பஸ் ஏறி உங்களிடம் வந்தாள்.

"அவரப் பாத்துக்கினது வசந்தாதான். அதுக்கு முன்னாடி எந்த வீட்ல இருந்தான்னு கேட்டு அங்க போனேன். அங்கயும் செத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி? அங்கயும். இப்பிடியே போய்க்கினு இருந்து, உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்."

நஸீமா டீ டம்ளர்களோடு அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இன்று ஞாபகமில்லை. படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் சாகத்தானே செய்வார்கள் என்று சொல்லியிருப்பேன். அதுதான் எல்லாரும் உங்களுக்குச் சொன்ன பதில் என்று பின்னால் தெரிந்தது.

நீங்கள் அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்: "உங்க அம்மா சாகணும்னு ஆசப்பட்டாங்களா?"

மேடம், அதுவரைக்கும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார்கள், அல்லா நல்ல மவுத்தைக் கொடுத்தான் என்றுதான் ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது ஒரே பதில்தான்.

"மீன் கேட்டாங்க மேடம்."

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது. மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் என் பெயர் வந்தது, பாதியாக. பிறகு தண்ணி. அந்த வாரம், நான் சோறு ஊட்டும்போது தட்டைத் தள்ளிவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு, "மீனு" என்றார்கள். "மீனு வாங்கினு வா." எங்கள் வீடே சிரித்தது. அண்ணனுக்குப் போன் போட்டு அவர் காதிலும் அதைச் சொல்ல வைத்தோம். அரக்கோணம் மார்க்கெட்டில் நல்ல மீன் கிடைக்கும் என்று நானே ரயிலேறிப் போய் வாங்கி வந்தேன். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி வண்டியை எடுக்கும்போது நஸீமாவின் போன் வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வசந்தாக்கா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "மாத்திரை வாங்கத்தான் கடைக்குப் போனேன், வந்து பாத்தா தூக்கத்துலயே போயிட்டாங்க தம்பி, மொகத்துல சிரிப்பு கூட மாறல" என்றாள். மீன் பை என் கையிலேயே இருந்தது. அதை யார் வாங்கி எங்கே வைத்தார்கள் என்று தெரியாது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "சரி, தம்பி" என்று எழுந்தீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "மத்த எல்லாரையும் எரிச்சிட்டாங்க. பொதச்சது நீங்க மட்டும்தான்" என்றீர்கள். பிறகுதான் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பது எனக்கு உறைத்தது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அரக்கோணத்திலிருந்து ஓடிவந்தார். "போன உசிரு திரும்பி வருமாடா?" என்று கேட்டார்.

"வராதுண்ணே."

"அப்ப இன்னாத்துக்கு? அம்மா ஒடம்ப ஊரு முன்னாடி தொறந்து காட்டணுமா? நாளைக்கி நாலு பேரு இன்னா சொல்வான்? பெத்தவளப் பாத்துக்க முடியாம ஆள் வச்சிக் கொன்னானுங்கன்னு சொல்வான்."

மறுநாள் நீங்கள் அவரைப் பார்க்கக் கடைக்கே போனீர்கள். நானும் வந்திருந்தேன். இரும்புக் குவியலுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணன் கத்துவதையெல்லாம் கேட்டீர்கள். அவர் ஓய்ந்ததும் மெதுவாகப் பேசினீர்கள்.

"நான் போன எல்லா வீட்லயும் இதான் பயம்ங்க. நாமதான் ஆள் வச்சிக் கொன்னோம்னு பேர் வந்துடும்னு. அதனாலதான் யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. தொறந்தாலும் பிரயோஜனம் இல்ல, சாம்பலக் கூட கரைச்சிட்டாங்க. எனக்கு சாட்சி சொல்ல மிச்சம் இருக்கறது உங்க அம்மா ஒருத்தங்கதான். நீங்க கையெழுத்துப் போடலன்னாலும் என்னால உத்தரவு வாங்க முடியும். ஆனா புள்ளைங்க கூட நிக்காம ஒரு தாய நான் வெளிய எடுக்க மாட்டேன்."

நீங்கள் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். "இன்னொண்ணுங்க. அவ இப்ப வேற வீட்ல வேலைக்கிச் சேந்துட்டா. இதே அரக்கோணத்துலதான். ஒரு பெரியவரு, கால் எடுத்தவரு." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அண்ணன் அன்று மாலையே எங்கள் ஜமாஅத் பெரியவரிடம் போனார். பெரியவர், உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே, மரியாதையாகச் செய்யுங்கள், திரும்ப முறைப்படி அடக்கம் செய்யுங்கள் என்றார்.

அந்த அரக்கோணம் பெரியவரை நீங்கள் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய மகனிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. இவ்வளவு நல்ல ஆளை விட்டால் வேறு யார் கிடைப்பார்கள் என்று உங்களிடமே கேட்டிருக்கிறான். மருமகள்தான் பயந்துபோய் ஒத்துக்கொண்டாள். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லி ஒரு பெண் போலீஸை அந்த வீட்டில் தங்க வைத்தீர்கள். அந்தப் பெண் பகலெல்லாம் கிழவர் அறையிலேயே காய் நறுக்கிக்கொண்டும் டிவி பார்த்துக்கொண்டும் இருந்தாள். வசந்தா அவளுக்கும் தலை பின்னிவிட்டாளாம். பின்னால் வசந்தாவைக் கைது செய்து கொண்டுபோனபோது அந்த மகன் உங்களைத் திட்டியதைத்தான் நீங்கள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பீர்கள். அது சந்தோஷமான சிரிப்பு இல்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிலிருந்து இறங்கி முடிந்த மறுவாரம் கபரைத் திறந்தார்கள். பந்தோபஸ்துக்கு நின்று நின்று உங்கள் கால் வீங்கியிருந்தது. கபரஸ்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, "நான் உள்ள வரலாங்களா? இல்ல இங்கயே நிக்கட்டுமா?" என்று பெரியவரிடம் கேட்டீர்கள். "வாம்மா, உன் வேலை உள்ளதான் இருக்குது" என்றார் அவர். தாசில்தார் வந்திருந்தார், டாக்டர் வந்திருந்தார். நாலு பக்கமும் துணி கட்டினார்கள். ரோட்டில் கடைசியாகத் திரும்பிப் போகும் காவடிக்காரர்களின் அரோகரா சத்தம் வந்துகொண்டே இருந்தது. மண்வெட்டிச் சத்தம் நின்றபோது நான் அண்ணன் கையைப் பிடித்தேன். சின்ன வயதுக்குப் பிறகு நான் அவர் கையைப் பிடித்ததே இல்லை.

அம்மாவை நான் பார்த்ததைப் பற்றி உங்களிடம் என்றுமே பேசியதில்லை. இப்போதும் எழுத முடியவில்லை. டாக்டர் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தி, உங்களைக் கூப்பிட்டார். மார்புக்கூட்டின் முன்பக்கம், இரண்டு பக்கத்திலும் விலா எலும்புகள் முறிந்திருந்தன. அந்த முறிவு ஆறத் தொடங்கவே இல்லை, அதனால் சாகும் நேரத்தில் ஏற்பட்டது என்றார். யாரோ மார்மேல் முட்டி போட்டு முழு எடையோடு அழுத்தியிருக்கிறார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். முகத்தில் வெற்றியும் இல்லை, இரக்கமும் இல்லை. "தம்பி, நீங்க கொஞ்சம் அப்பிடி உக்காருங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

திரும்ப அடக்கும்போது அண்ணன் யாரையும் இறங்க விடவில்லை. தானே குழிக்குள் இறங்கி, புதுக் கஃபன் துணியில் சுற்றிய அம்மாவை இரண்டு கையாலும் வாங்கினார். எல்லாம் முடிந்து சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தபோது, "அம்மா எவ்ளோ லேசா ஆயிட்டாங்க பாத்தியாடா" என்றார். பிறகு அழுதார். அதற்குப் பிறகு அவர் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

வசந்தாவின் வீடு நகரி தாண்டி ஒரு கிராமத்தில் இருந்தது. அங்கே சோதனை போட்டுவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தீர்கள். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, "இது உங்களுதா பாருங்க" என்றீர்கள். அம்மாவின் மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் காது ஒடிந்து, நான்தான் ஒயரிங் செப்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருந்தேன். அம்மாவின் ஞாபகமாக ஏதாவது ஒன்று கொடுங்கள் என்று வசந்தாக்கா கேட்டபோது, புடவை தருகிறேன் என்றாள் நஸீமா. "புடவ வேணாம்மா, அந்தக் கண்ணாடி போதும்" என்று வாங்கிப் போனாள். எவ்வளவு பாசம் என்று நாங்கள் உருகிப்போனோம்.

"எல்லா வீட்லயும் கண்ணாடிதான் கேட்டிருக்கா. அலமாரில வரிசையா வச்சிருந்தா, தம்பி. தினமும் தொடச்சி வைப்பாளாம். ஒண்ணுல கூட தூசி இல்ல."

ஏன் செய்தாள் என்று அன்று நான் கேட்டேன். அப்புறம் சொல்கிறேன் என்று போய்விட்டீர்கள். அந்த அப்புறம் வர வருஷங்கள் ஆயின.

அதற்கு முன்னால் கோர்ட்டு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் வைத்து, வயதானவர்களின் எலும்பு தூக்கினாலே முறியும்தானே என்றார். அம்மா செத்ததும் அவளுக்குச் சோறு போட்டு, கண்ணாடியைக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினீர்களா இல்லையா என்றார். ஆமாம் என்றேன். வசந்தா தலை குனிந்து நின்றிருந்தாள். நான் இறங்கும்போது, "நல்லா கீறியா தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் குரலில் பொய் இல்லை, மேடம்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண்ணின் சாட்சியால்தான் வழக்கு நின்றது. அன்று மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்திருக்கிறாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டியதும் வசந்தாவின் குரல், "அம்மா தூங்கறாங்க, அப்புறம் வாங்க" என்றது. கடைக்குப் போயிருந்தேன் என்று சொன்ன அதே நேரம். அந்தப் பெண் இதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவே இல்லை. நீங்கள் மாடிப்படி ஏறிப் போய்க் கேட்டதால்தான் வெளியே வந்தது.

என் அம்மாவைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மற்றவர்கள் விஷயத்தில் உடலும் இல்லை, நேரடிச் சாட்சியும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். உங்களிடம் அவள் ஸ்டேஷனில் சொன்னதெல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று உங்களுக்கு முன்னமே தெரியும். தீர்ப்பன்று வராந்தாவில் லோகேஸ்வரி தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் கத்தியதால்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீங்கள் போய் அவள் கையைப் பிடித்தீர்கள்.

"எங்கப்பாவ அவ கொல்லலன்னு எழுதிட்டாங்களா மேடம்?"

"அப்பிடி இல்லம்மா. நிரூபிக்க முடியலன்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதான எங்களுக்கு?"

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நீங்கள் ஜீப்பில் ஏறாமல் அங்கேயே நின்றீர்கள். அன்று உங்களுக்கு மேலதிகாரிகளிடமிருந்து பாராட்டுப் போன்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றையும் நீங்கள் எடுக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் உங்கள் ஸ்கூட்டி சாக்கில் பட்டறைக்கு வர ஆரம்பித்தீர்கள். அதற்கு ஒரு கோளாறும் இருக்காது. காற்று அடிக்கச் சொல்லிவிட்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொள்வீர்கள். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, நான் கேட்காமலே, அந்த விசாரணையைச் சொன்னீர்கள். அவள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசினாளாம். செத்தவர்களையெல்லாம் நைனா, அம்மா என்றுதான் சொன்னாளாம்.

"ட்ரெய்னிங்ல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, தம்பி. ஒருத்தர் மாத்தி ஒருத்தரக் கொல்றவன் ஊரு ஊராத் திரியற ஆம்பளயா இருப்பான். கோவம், காமம், திருட்டு, இதுல ஒண்ணு கண்டிப்பா இருக்கும்னாங்க. இவகிட்ட மூணுமே இல்ல. செத்தவங்க பொருள் ஒண்ண எடுத்துனு போவான்னு சொன்னாங்க, அது ஒண்ணுதான் சரியா இருந்துது. அவன் கதவ ஒடச்சினு வரணும். இவளுக்கு நாமளே தொறந்து வுட்டு, வா தாயின்னு கூப்புட்டோம்."

"ஏன் மேடம் செஞ்சா?"

"மொத ஆளு ஒரு கிழவி. முதுகெல்லாம் புண்ணு. என்னக் கொன்னுடுடீ, கொன்னுடுடீன்னு தினமும் கையப் புடிச்சி அழுதுச்சாம். ஒரு நாள் தலகாணிய எடுத்து வச்சிட்டா. பாவம் பாத்துப் பண்ணேன்னா. நான் அத நம்பறேன். சரி, ரெண்டாவது ஆளு கேட்டாரான்னேன். இல்லன்னா. மூணாவது? இல்ல. அப்புறம் எதுக்குடின்னு கேட்டேன்."

டீயைக் கீழே வைத்தீர்கள்.

"மொத வீட்ல சாவு அன்னிக்கி அந்த வீட்டுப் பொம்பளைங்க அத்தினி பேரும் அவளக் கட்டிப் புடிச்சிக்கினு அழுதாங்களாம். நீ இல்லன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம்னு சொன்னாங்களாம். மேடம், அது வரைக்கும் என்ன யாரும் அப்பிடித் தொட்டதே இல்லன்னா. வேலையே அடுத்தவங்களத் தொடறதுதான், தம்பி. அவளத் தொட ஆளு இல்ல."

நான் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் நஸீமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதது கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்ணன் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது வந்தது.

"அப்ப அவமேல பரிதாபப்படணுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே.

"படறதும் படாததும் உன் இஷ்டம். எனக்கு வரும், அது பாட்டுக்கு வரும். ஆனா ஒண்ணு. பரிதாபம் அவளுக்கு ஒரு தபாதான் வந்துது. மிச்சதுக்கெல்லாம் அந்தப் பேர வச்சிக்கினா, அவ்ளோதான். உங்க அம்மா மேல முட்டி போட்டப்ப அவங்க ஒத்தக் கையால இவளத் தள்ளியிருக்காங்க. நல்லா இருந்த கை. அத அவளே சொன்னா. வேணாம்னு தள்ளினாங்கன்னு அவளுக்குத் தெரியும்."

இதை நீங்கள் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அம்மா தள்ளினார்கள். கடைசிவரை எங்களோடு இருக்க நினைத்தார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் ஆதாரம்.

பிறகு உங்களுக்கே சிறுநீரகம் போய், கால் போய், படுக்கை வந்தது. மகன் பெங்களூரில். கௌரி என்கிற பெண்ணை வைத்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் ஏதோ ஊர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். ஒருநாள் அவள் உங்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, முதுகுக்குக் கொடுக்கத் தலையணையோடு குனிந்தாள். உங்கள் கண் ஒரு நொடி அகலமாகத் திறந்தது. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

அவள் துணி துவைக்கப் போனதும், "தினமும் இப்பிடித்தான், தம்பி" என்றீர்கள். "அவ கிட்ட வந்தா மூச்சு நிக்கிது. அவ ஒரு கெட்டதும் பண்ணல. நல்ல பொண்ணு. நல்ல பொண்ணுன்னு சொல்றதுக்கே பயமா கீது."

"வேணான்னா அனுப்பிடலாம் மேடம். நஸீமாவ வரச் சொல்றேன்."

"வேணாம். ஒருத்தி பண்ணதுக்கு எல்லாரையும் வெரட்டிட்டா, நம்மளத் தூக்கி உக்கார வைக்கிறது யாரு? அந்தப் பயம் என்னுது. அவ தலைல கட்டக் கூடாது." பிறகு, "அவ வந்தா நான் மொதல்ல ஒண்ணு பண்றேன். சாப்டியாடி, தூங்கினியாடி, ஊருக்குப் போன் பண்ணியான்னு கேட்டுனு, அவ கையக் கொஞ்ச நேரம் புடிச்சினு இருக்கேன்" என்றீர்கள்.

போன மார்கழியில் ஒரு காலை கௌரிதான் போன் செய்தாள். டயாலிசிஸ் முடிந்து வந்த அசதியில் படுத்த நீங்கள் எழவில்லை. நான் வந்தபோது வீடு நிறைய காக்கி. கௌரி சமையலறை மூலையில் தனியாக நின்றிருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்த வழக்கு தெரியும். அவள் அழக்கூட பயந்து நிற்பது போல எனக்குத் தோன்றியது. உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எல்லாரும் கேட்கும்படி, இதயம் நின்றுதான் போயிருக்கிறார்கள் என்று சொன்னபிறகுதான் உங்கள் மருமகள் போய் அவளை அழைத்து வந்து உட்கார வைத்தாள்.

போன வாரம் அவள் பட்டறைக்கு வந்தாள். "அண்ணே, அரக்கோணத்துல ஒரு வீட்ல கேக்கறாங்க. தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லணுமாம். மேடம் இருந்தா மேடமே சொல்லியிருப்பாங்க" என்றாள். நம்பரை வாங்கிக்கொண்டேன். அவளே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்ப்பவராம், அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்றார். "அந்தப் பொண்ண நம்பி வுடலாங்களா?"

வசந்தாவைத் தங்கம் என்று சொன்ன வாய் என்னுடையது. கௌரி என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. வேலை தேவைப்படுகிற ஒரு பெண், அவ்வளவுதான்.

"வுடலாம்ங்க. நல்லா பாத்துக்கும். நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. "ஆனா ஒண்ணு சார், கோச்சிக்காதீங்க. ஆளு வந்துட்டுதேன்னு நீங்க ஒதுங்கிடாதீங்க. தினமும் ஒரு தபா நீங்களே அப்பாகிட்ட போய் உக்காந்து, இன்னா வேணும்னு கேளுங்க. அந்தப் பொண்ணையும் சாப்டியான்னு கேளுங்க."

அவர் சற்று வினோதமாக, "ஆங், சரிங்க" என்று வைத்துவிட்டார். கௌரி கும்பிட்டுவிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் போனாள்.

நேற்று அந்தக் கார் போனபிறகு சாயங்காலம் அந்த அரக்கோணத்துக்காரர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவே பயந்தேன். எடுத்தேன்.

"பாய், ஒண்ணும் இல்ல, சும்மாதான் பண்ணேன். நீங்க சொன்னீங்களேன்னு அப்பாகிட்ட போய் உக்காந்து கேட்டேன். இத்தினி மாசமா நாங்க யாரும் கேக்கல. கட்டில சன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்றார். ரயில் போறத பாக்கணுமாம். இப்பதான் நானும் கௌரியுமாத் திருப்பிப் போட்டோம்."

உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, மேடம்.

யூசுப்